பழைய மாணவர் என்னும் வழித்துணை

கல்லூரி தன் ஆண்டு நிறைவு விழாவைக் கொண்டாடும்பொழுது பழைய மாணவர் உள்ளத்தில் இயல்பாகவே எழும் வினா ஒன்றுண்டு. எம்மை ஆளாக்கிய கல்லூரிக்கு யாம் யாது செய்தல் வேண்டும் என்பதே அது. எம் முன்னோர் இவ்வினாவிற்குப் பலவாறு விடை தந்துள்ளனர். மண்டபம் எழுப்பினோர் சிலர். நூலகத்திற்கு நூல் அளித்தோர் சிலர். பரிசு நிதி நிறுவினோர் சிலர். விளையாட்டிடத்தை விரிவாக்கக் காணி வாங்கிக் கொடுத்தோர் சிலர். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் பொருள் படைத்தோரால் மட்டுமன்றிப் பொருள் இல்லாதோராலும் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. தொழிற்பயிற்சி தேடும் மாணவனுக்கும், கடல் கடந்து கற்க விழையும் மாணவனுக்கும், அவ்வழியிற் சென்ற பழைய மாணவர் ஒருவர் துணைநிற்றலே அவ்வுதவி. அஃது எங்ஙனம் செய்யப்படல் வேண்டும், எங்ஙனம் செய்யப்படலாகாது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்றைய வழித்துணை

இவ்வுதவி எமக்குப் புதியதன்று. 1870 இல் பொன்னம்பலம் அருணாசலம் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றபொழுது, இலங்கையிலிருந்து அவ்வாறு செல்வோர் மிகச் சிலரே. 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்ற பின்னரும் அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே தோற்றினர். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இலேயே தோன்றியது. அக்காலத்து யாழ்ப்பாண இளைஞனுக்கு உயர்கல்வியைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் எடுத்துரைத்தவர் யாவர்? பெரும்பாலும் அவனுக்கு முன் சென்ற அயலவரும் உடன் கற்றவருமே.

கொழும்புக்கு எழுதுவினைஞனாகச் சென்றவன் சம்மறியில் தங்கினான். ஓரூரவரும் ஒரு கல்லூரியாரும் சேர்ந்து வாடகைக்கு வீடெடுத்து, ஓர் உலையிற் சமைத்து, செலவைப் பங்கிட்டு வாழ்ந்த இல்லமே சம்மறி என்பதை மூத்த வாசகர் நன்கறிவர். விண்ணப்பம் எழுதும் முறை, மேலதிகாரியிடம் பேசும் முறை, அடுத்த பரீட்சைக்கு எந்நூலைப் படித்தல் வேண்டும் என்பன யாவும் அங்கே இரவுணவின் பின் மூத்தோராற் கற்பிக்கப்பட்டன. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை தேடிச் சென்றோரும் முன் சென்றோர் நிழலிலேயே முதலிற் கால் ஊன்றினர்.

சம்மறியின் சிறப்பொன்றை இங்கே குறித்தல் தகும். மூத்தவன் இளையவனை நாள்தோறும் கண்டான். தான் சொன்ன புத்தி பிழைத்தால், அதனால் வந்த துன்பத்தையும் ஒரே கூரையின் கீழ் இருந்து கண்டான். ஆதலின் அவன் ஆராய்ந்தே சொன்னான்.

பின்னர் காலம் மாறிற்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும், 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயலும், தொடர்ந்த போரும் எம்மவரை உலகெங்கும் சிதறச் செய்தன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இன்று பழைய மாணவர் சங்கக் கிளைகள் இயங்குகின்றன. இளைய மாணவனின் வினா கைத்தொலைபேசியில் நொடிப்பொழுதிற் கடலைக் கடக்கின்றது. விடையும் அவ்வண்ணமே திரும்பி வருகின்றது. ஆனால் விடை சொன்னவர் அதன் விளைவைக் காண்பதில்லை. இன்றைய வழித்துணையின் பெருங்குறை இதுவே.

என் பிழை

இக்குறையை யான் பிறர்பாற் கண்டு கூறவில்லை. என்பாற் கண்டே கூறுகின்றேன்.

2011 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எமது கல்லூரியிற் கற்றுப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் இலண்டனில் இருந்த என்னுடன் தொலைபேசியிற் பேசினார். அவ்வாண்டு செப்ரெம்பரில் ஓராண்டு முதுமாணிப் படிப்பொன்றில் இணைய அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. கட்டணம் அவர் குடும்பத்தின் வலுவுக்கு மிஞ்சியது. படிப்பு முடிந்தபின் அங்கேயே இரண்டு ஆண்டுகள் வேலை செய்யலாமா என வினவினார். "ஓம், செய்யலாம்" என்றேன். என் அலுவலகத்தில் அவ்வனுமதியுடன் பணியாற்றிய இளைஞர் இருவரை யான் கண்டிருந்தேன். அதனால் ஐயமின்றிச் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் தந்தையார் தோட்டக் காணியை ஈடுவைத்தார்.

உண்மை யாதெனின், அவ்வனுமதி நிறுத்தப்படும் என 2011 மார்ச்சிலேயே பிரித்தானிய அரசாங்கம் அறிவித்துவிட்டது. 2012 ஏப்பிரல் 6 ஆந் திகதி அது மூடப்பட்டது. அவரது படிப்பு முடிந்ததோ அவ்வாண்டு செப்ரெம்பரில். 2013 தையில் அவர் கடனுடன் ஊர் திரும்பினார். ஈட்டை மீட்க அக்குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. பின்னர் அவரை ஊரிற் கண்டபொழுது யான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் அறிஞ்சதைத்தானே அண்ணை சொன்னனீங்கள்" என்றார். அவர் சினந்திருந்தால் என் மனம் ஒருவாறு ஆறியிருக்கும்.

யான் பொய் சொல்லவில்லை, அன்பின்மையாலும் சொல்லவில்லை. பழைய அறிவைப் புதிய அறிவெனக் கருதிச் சொன்னேன். அரசாங்கத்தின் அறிவித்தலைத் தேடிப் படித்திருந்தால் அரைமணி நேரத்தில் உண்மை விளங்கியிருக்கும். அவ்விதி அதன் பின்னரும் மாறியே வந்துள்ளது. 2021 யூலையில் இரண்டாண்டு அனுமதி வேறொரு பெயரில் மீண்டும் வந்தது; 2025 இல் அதனைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுள் ஒரு விதி மூன்று முறை மாறுமாயின், தாம் சென்ற காலத்து நடைமுறையை இன்றைய மாணவனுக்கு வேதம்போல் ஓதுதல் எத்துணை ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்றைய மாணவனின் நிலை

க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகத் தகைமை பெறுவோர் யாவர்க்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. மாணவர் இசட் புள்ளியின்படி வரிசைப்படுத்தப்படுகின்றனர். பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வி வசதி குறைந்தனவாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. புள்ளியின் சிறு பின்னத்தால் மருத்துவமோ பொறியியலோ தவறியவன், தன் வாழ்வே தவறிவிட்டதெனக் கருதுகின்றான். அவன் பெற்றோரும் அவ்வாறே கருதுகின்றனர்.

உண்மையில் அவன் முன் வேறு வழிகள் பல உள. 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் உண்டு. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் கீழ்ப் பயிலுநராகச் சேரலாம். பட்டத்துக்கு ஒப்பான ஏழாம் மட்டம் வரை உயரும் தேசிய தொழிற்றகைமை வழியும் உண்டு. தனியார் நிறுவனங்களும், பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களும் உள. வழிகள் பலவாதலின் மயக்கமும் பெரிது. அம்மயக்கத்தில் நிற்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினனுக்கு, தன் இலாபம் கருதாத ஒருவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

மூவகை உதவி

பழைய மாணவரிடம் இளைஞர் எதிர்பார்ப்பனவற்றை மூன்றாகப் பகுக்கலாம். சிபாரிசு, உபதேசம், வழித்துணை என்பன அவை.

சிபாரிசு என்பது பிறரொருவர் உள்ளத்தை மாணவன்பாற் சாய்க்க முயலுதல். அவனை அறியாதவர் செய்யும் சிபாரிசு பொய்யாகும். தகுதியுடைய வேறொருவனைத் தள்ளிவிடுமாயின் அநீதியுமாகும். தகுதியல்லாத அளவுகோல்களால் ஒதுக்கப்பட்ட வேதனையை அறிந்தவர் யாம். அதே அளவுகோலை எமக்குச் சாதகமாகக் கையிலெடுத்தல் எமக்கு அழகன்று.

உபதேசம் என்பது தன் வாழ்க்கையையே விதியாக்கிக் கூறுதல். "யான் இவ்வாறு சென்றேன், நீயும் இவ்வாறே செல்க" என்பது அதன் சாரம். என் பிழை இவ்வகையைச் சார்ந்தது.

வழித்துணை இவ்விரண்டினும் வேறானது. மாணவன் கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்கப் பழக்குதலும், விடையை எங்கே தேடுவதெனக் காட்டுதலும், அவன் எழுதியதைப் பொறுமையுடன் படித்து உண்மை கூறுதலும் இதன்பாற்படும். முடிவு செய்பவன் மாணவனே, அவனுடன் பெற்றோரே. வழித்துணைவர் தன் அனுபவத்தைச் சான்றாகத் தரலாம், தீர்ப்பாகத் தரலாகாது.

கடல் கடந்து கற்க விழைவோருக்கு

முதல் வினா, போதல் வேண்டுமா என்பது. அதே கல்வி இந்நாட்டிற் கிடைக்குமா, முதற் பட்டத்தை இங்கே பெற்றுப் பின்னர் மேற்படிப்புக்குச் செல்லல் நன்றா என்பனவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். முழு உதவி தரும் புலமைப்பரிசில்களிற் பல, முதற் பட்டம் பெற்றோருக்கே உரியன. எடுத்துக்காட்டாக, 1983 இல் தொடங்கிய செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குரியது. அதற்கு இரண்டாண்டு வேலை அனுபவமும் வேண்டும். 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டமும், 1952 முதல் இலங்கையில் இயங்கும் புல்பிறைற் ஆணைக்குழுவின் உதவியும், 1925 இற் தோன்றிய ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் உதவியும் மேற்படிப்பையே பெரிதும் நோக்கியவை. இதை அறியாது உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு காணியை விற்க முனைவோர் உளர். "மூன்றாண்டு பொறுத்தால் விற்காமலே போகலாம்" என்று சொல்லுதல் ஒரு குடும்பத்தைக் காக்கும் சொல்லாகும்.

இரண்டாவது, காலக் கணக்கு. புறப்படும் நாளுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு முன்னரே ஆயத்தம் தொடங்குதல் நன்று. விண்ணப்ப முடிவு நாள், ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை நாள், சான்றிதழ்ப் பிரதிகளைப் பெறும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசைப்படுத்தல் வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைப் பெறுபேறு பொதுவாக இரண்டாண்டுக்கே செல்லும். ஆதலின் மிக முந்தி எழுதுவதும் வீணே.

மூன்றாவது, தான் ஏன் அத்துறையைக் கற்க விழைகின்றான் என மாணவன் எழுதும் கூற்று. பெரும்பாலோர் "சிறுவயது முதலே எனக்கு இத்துறையில் ஆர்வம் உண்டு" எனத் தொடங்குவர். படிப்பவருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. தீவகத்து வீட்டுக் கிணற்று நீர் கோடையில் உவர்ப்பதைக் கண்டு, மாதந்தோறும் அதனைச் சோதித்துக் குறித்து வைத்த மாணவன் அதனையே எழுதலாம். சுண்ணக்கற் பாறையில் தங்கும் நிலத்தடி நீரையே நம்பிய குடாநாட்டில் நீரியல் கற்க அதனினும் சிறந்த காரணம் வேண்டுமோ? இத்தகைய செய்தி மாணவனிடம் இருக்கும். அது கூறத்தக்கது என்பது அவனுக்குத் தெரியாது. வினவி வெளிக்கொணர்தல் வழித்துணைவர் தொழில். எழுதிக் கொடுத்தல் அவர் தொழிலன்று. இக்காலத்திற் கணினியே கணப்பொழுதிற் கூற்றை எழுதித் தருகின்றது. அது செப்பமாக இருக்கும். ஆனால் அக்கிணறு அதில் இராது.

நான்காவது, நற்சான்றுக் கடிதம். மாணவனைக் கற்பித்தவரோ, அவனை வேலை கொண்டவரோ தருதலே முறை. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பெரும் பதவியில் இருப்பினும், மாணவனை நேரில் அறியாராயின் கடிதம் எழுத மறுத்தலே நேர்மை. அதற்குப் பதிலாக, ஆசிரியருக்கு மாணவன் தன் பெறுபேறுகளையும் செயற்பாடுகளையும் குறித்துக் கொடுக்கவும், மூன்று வாரத்துக்கு முன்னரே கேட்கவும் அவனைப் பழக்கலாம்.

ஐந்தாவது, பணக் கணக்கு. இதுவே பலர் கூசிப் பேசாது விடுவது. முதலாண்டுக் கட்டணம் மட்டும் கையிலிருந்தால் மிகுதியை அங்கே வேலை செய்து செலுத்தலாம் என்பது ஊரிற் பரவிய நம்பிக்கை. பிரித்தானியாவிற் பட்டப்படிப்பு மாணவர், தவணைக் காலத்தில் வாரம் இருபது மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. அவ்வூதியம் உணவுக்கும் அறைக்கும் உதவலாம். வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணத்தைச் சுமக்காது. ஜேர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் கற்பித்தற் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்கு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் ஓராண்டுத் தொகையை முன்னரே இட்டுக் காட்டல் வேண்டும். 2024 செப்ரெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

நாணய மாற்றையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. 10,000 டொலர் கட்டணத்துக்கு 20 இலட்சம் ரூபா எனக் கணக்கிட்ட தந்தைக்கு, இரண்டு மாதத்தில் 36 இலட்சம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு கடல் கடந்த மாணவர் சிலர் வீட்டுக்கு அழைத்துப் பேசவே அஞ்சினர். எனவே கணக்கெழுதும்பொழுது ரூபா மேலும் வீழுமாயின் யாது செய்வோம் என்னும் வரியையும் எழுதுதல் வேண்டும்.

ஆறாவது, முகவர். நேர்மையான முகவரும் உளர். ஆயினும் முகவர் பலருக்கு, மாணவனை அனுப்பும் கல்வி நிறுவனமே தரகு கொடுக்கின்றது. ஆதலின் மாணவனுக்கு ஏற்ற இடமும் முகவருக்கு ஏற்ற இடமும் எப்பொழுதும் ஒன்றாகா. வங்கியிற் பணமிருப்பதாகப் பொய்ப் பத்திரம் ஆயத்தஞ் செய்து தருவோரும் உளர். பிரித்தானிய விசாவுக்கு வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருத்தல் வேண்டும் என்னும் விதியைத் தாண்டவே இவ்வழி கூறப்படும். அகப்பட்டால் மாணவனே குற்றவாளி, முகவரல்லர். ஏமாற்றுக்காகப் பிரித்தானியா பத்தாண்டு வரை மறுக்கலாம். கனடா ஐந்தாண்டு தடைசெய்யும். இதனை மாணவனுக்கும் பெற்றோருக்கும் ஒருமித்துச் சொல்லுதல் வேண்டும்.

தொழிற்பயிற்சி தேடுவோருக்கு

பொறியியல் மாணவருக்குத் தொழிற்றலப் பயிற்சி படிப்பின் ஓர் அங்கமாகும். தேசிய தொழிற்பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அத்தகைய பயிற்சிகளை ஒழுங்குசெய்கின்றது. பட்டயக் கணக்காளராக விழைவோர், நிறுவகம் ஏற்றுக்கொண்ட தாபனமொன்றில் மூன்றாண்டு பயிலுதல் வேண்டும். இவ்விடங்களிற் பல கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. வடக்கிலிருந்து செல்லும் மாணவனுக்கு அறிவு குறைவன்று; அவ்விடத்து வழக்கம் புதிது. அறை வாடகை எவ்வளவு, மாதப் படியால் அது தீருமா, அலுவலகத்தில் எம்மொழி பேசப்படும் என்பனவற்றை அவன் முன்னரே அறிதல் நலம்.

இங்கே பழைய மாணவர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, விண்ணப்பக் கடிதத்தைப் படித்துத் திருத்தம் கூறல். அது ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. அந்நிறுவனம் யாது செய்கின்றது என்பதை அறிந்து எழுதியதாகத் தோன்றல் வேண்டும். இருபது நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு விடை வரவில்லையெனக் கவலும் மாணவர் பலர். இரண்டாவது, நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடத்தல். தெரியாததைத் "தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று தலைநிமிர்ந்து சொல்லப் பழகுதல் சிறுபொருளன்று. எம் மாணவர் பலர் விடை தெரிந்தும் குரல் தாழ்த்தித் தோற்கின்றனர். ஆங்கிலத்திற் பேசவும், இயலுமாயிற் சிங்களத்தில் அன்றாடம் உரையாடவும் பயிலுதல் வேலைத்தலத்திற் பெரும்பயன் தரும். மூன்றாவது, தாம் பணிபுரியும் இடத்தை ஒருநாள் மாணவருக்குக் காட்டுதல். தொழிற்சாலையின் ஒலியையும் அலுவலகத்தின் ஒழுங்கையும் கண்டவன், தனக்கு அது பொருந்துமா என்பதைத் தானே உணர்வான்.

இடம் காலியாக உள்ளது என்ற செய்தியை மாணவர் யாவரும் அறியச் செய்தல் உதவி. ஒருவன் காதில் மட்டும் ஓதுதல் சலுகை. வாசல் வரை அழைத்துச் செல்லலாம். உள்ளே இடம் பெறுதல் அவனவன் தகுதியைப் பொறுத்தது.

கல்லூரி செய்யவேண்டிய ஒழுங்கு

நல்லெண்ணம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். கல்லூரி அதிபரின் அனுமதியுடன் ஆசிரியர் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும். பழைய மாணவரின் துறை, வாழும் நாடு, கற்ற ஆண்டு, கொடுக்கக்கூடிய நேரம் ஆகியன அடங்கிய பதிவேடு ஒன்று கல்லூரியில் இருத்தல் நன்று. பழைய மாணவர் ஒருவருக்கு இரண்டு மாணவருக்கு மேல் ஒப்படைத்தலாகாது. பத்துப் பேருக்கு வாக்களித்து ஒருவருக்கும் நேரமின்றிப் போதலினும், ஒருவருக்கு மாதம் ஒருமணி நேரம் தவறாது கொடுத்தல் மேலானது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவருடன் நிகழும் உரையாடல் பெற்றோரோ பொறுப்பாசிரியரோ அறிய நிகழ்தல் வேண்டும். பணம் வாங்குதலும் கடன் கொடுத்தலும் இத்தொடர்பில் இடம்பெறலாகாது. பண உதவி செய்ய விரும்புவோர் கல்லூரியின் நிதியூடாகச் செய்வாராக. ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் மாணவன் செய்யவேண்டியது யாது, துணைவர் செய்யவேண்டியது யாது, எந்நாளுக்குள் என்பவற்றை மாணவனே எழுதி அனுப்புதல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையான விதியொன்றுண்டு. விசா, கட்டணம், வேலை அனுமதி ஆகியவை பற்றிக் கூறப்படும் ஒவ்வொரு விடையுடனும், அஃது எவ்வரசாங்கத்தின் அல்லது எப்பல்கலைக்கழகத்தின் அறிவித்தலில் எந்நாளிற் பார்க்கப்பட்டது என்பதும் குறிக்கப்படல் வேண்டும். பாராத ஒன்றைப் பற்றி "பார்த்துச் சொல்கின்றேன்" என்றே கூறல் வேண்டும். சம்மறியில் மூத்தவனைக் கட்டுப்படுத்திய கூரை இன்றில்லை. அக்கூரையின் வேலையை இவ்விதி செய்தல் வேண்டும்.

கேளாத மாணவன்

இனி, மிக முக்கியமான ஒன்று. இத்தகைய ஏற்பாடு தொடங்கினால் முதலில் வந்து கேட்பவன் யார்? கேட்கத் தெரிந்தவன். அவனுக்குப் பெரும்பாலும் கனடாவிற் சிற்றப்பனோ, இலண்டனில் மாமனோ இருப்பர். அவனுக்கு வழித்துணை ஏற்கனவே உண்டு. தந்தையை இழந்தவன், கடற்றொழிலாளியின் மகன், தோட்டக் கூலியின் மகன், வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிக் கற்பவன் ஆகியோர் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே அவர்கட்குத் தெரியாது. கேட்டாற் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் உண்டு. வருவோரை மட்டும் ஏற்போமாயின், உள்ளவனுக்கே மேலும் கொடுப்பவராவோம். ஆகவே பொறுப்பாசிரியர் வகுப்பறைக்குச் சென்று இவர்களையே முதலில் அழைத்தல் வேண்டும்.

கற்றோரை யாமே நாட்டை விட்டு அனுப்புவதா என்பார் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. வழித்துணையின் பயனை விமானமேறியவர் தொகையால் அளத்தலாகாது என்பதே எம் விடை. மாணவன் ஆராய்ந்து, "யான் போகவில்லை, இங்கேயே கற்பேன்" என முடிவு செய்வானாயின், அதுவும் அவ்வுதவியின் நிறைந்த பயனே. மறுக்கப்பட்டவனை மறுநாள் அழைத்துப் பேசுதலும் அவ்வுதவியின் பகுதியே. வெற்றி பெற்றவனை வாழ்த்தப் பலர் வருவர்.

முற்கூறிய இளைஞர் இன்று வடமாகாணத்தில் நற்பணி புரிகின்றார். எமது கல்லூரி மாணவர் இருவருக்கு வழித்துணையாகவும் விளங்குகின்றார். அவர்களுள் ஒருவனுக்காக அண்மையில் என்னிடம் ஒரு விடயம் கேட்டெழுதினார். யானும் விடை எழுதினேன். அடுத்த நாள் ஒருவரிக் கடிதம் வந்தது: "அண்ணை, இதை எந்தத் திகதியிற் பார்த்தனீங்கள்?" யான் மீண்டும் தேடிப் படித்துத் திகதியைக் குறித்தனுப்பினேன். நன்றியுடன் அனுப்பினேன் என்பதையும் இங்கே சொல்லுதல் வேண்டும்.

பழைய மாணவர்களே! இவ்விழா ஆண்டில் உங்கள் பெயரையும் துறையையும், மாதம் ஒருமணி நேரத்தையும் கல்லூரிக்கு எழுதிக் கொடுங்கள். மாணவர்களே! கூச்சத்தை விடுத்துக் கேளுங்கள். கேட்டபின், எந்நாளிற் பார்த்தது என்பதையும் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கும் மாணவனும், அதற்குச் சினவாது விடை கூறும் மூத்தவரும் உள்ளவரை எமது கல்லூரியின் தொடர்பு அறாது.